காணிக்கைப் பையில் குருவிகள்

மே 3, ஞாயிறு

இந்த நோட்டை யார் படித்தாலும் முதலில் என்னை மன்னித்துக்கொள்ள வேண்டும். என் எழுத்து கோட்டில் நிற்காது. சில எழுத்து மேலே ஏறும், சில கீழே தொங்கும். ‘ழ’ போடும்போது பேனா தாளைக் கிழித்துவிடுகிறது. துறைமுகத்தில் உப்பு மூட்டை தூக்கின கை இது. மூட்டைகூட இவ்வளவு கனத்ததில்லை.

ஆனாலும் எழுதுகிறேன். மாசிலாமணி ஆகிய நான், எழுபத்தொரு வயதில், எழுதுகிறேன்! போன வருஷம் வரைக்கும் எனக்குப் பெருவிரல்தான் கையெழுத்து. கோயில் ஹாலில் புஷ்பலீலா டீச்சர் சாயங்காலம் பெரியவர்களுக்கு வகுப்பு எடுக்கிறார்கள். இப்போது பஸ்ஸின் போர்டைப் படித்துவிட்டுத்தான் ஏறுகிறேன். நேற்று ஒரு சோப்பு உறையை முழுவதும் படித்து முடித்தேன். அதில் எவ்வளவு விஷயம் போட்டிருக்கிறான்!

நோட்டு தந்தது என் பேத்தி எப்சிபா. “தினமும் நாலு வரி எழுதுங்க தாத்தா, கை படிஞ்சிரும். நான் வாசிக்க மாட்டேன், சத்தியமா” என்றாள். அவள் அம்மா, என் மகள், இவள் நடை பழகும் வயதிலேயே இறந்துபோய்விட்டாள். மருமகனுக்கு வேறு குடும்பம். இந்த வீட்டில் நானும் எப்சிபாவும்தான்.

எஞ்சினியரிங் முடித்துவிட்டாள். ரயில்வேயில் வேலை கிடைத்திருக்கிறது. டிக்கெட் கொடுக்கிற வேலை என்று நினைத்துத் தெரு முழுக்கச் சொல்லிவிட்டேன். இல்லையாம். ரயில் எஞ்சின் ஓட்டுகிற வேலையாம். முதலில் உதவி ஓட்டுநர். பிலாஸ்பூர் என்று ஓர் ஊர். ஜூன் ஒன்றாம் தேதி அங்கே இருக்க வேண்டும்.

எனக்குச் சந்தோஷம்தான்.

மே 5, செவ்வாய்

டீச்சர் சுவரில் மாட்டியிருக்கும் இந்தியப் படத்தில் பிலாஸ்பூரைக் காட்டினார்கள். எழுத்துக் கூட்டிப் படித்தேன். தூத்துக்குடியில் விரலை வைத்து அங்கே வரைக்கும் இழுத்தேன். கை நீட்டி எட்ட வேண்டியிருந்தது. வெறும் படத்திலேயே அவ்வளவு தூரம்.

எஞ்சின் முன்னால் மாடு விழுமாம். மனுஷனும் விழுவானாம். பக்கத்து வீட்டு அற்புதம் சொன்னாள். அவளுக்கு எப்படித் தெரியும் என்று கேட்டேன். “எல்லாரும் சொல்லுதாங்க மாமா” என்றாள்.

எனக்கு என்ன பயம்? அவளுக்காகத்தான் பயம்.

தண்ணீர் வந்தது. மூன்று குடம் பிடித்தேன்.

மே 6, புதன்

இன்று பெரிய சந்தோஷம். எங்கள் சபைப் போதகர் கிதியோன் ஐயர் வகுப்புக்கு வந்து எங்கள் நோட்டுகளைப் பார்த்தார். எங்கள் கோயிலில் வருஷா வருஷம் மே மாதம் பட்டதாரிகள் ஞாயிறு உண்டு. படிப்பு முடித்த பிள்ளைகளை முன்னால் அழைத்து ஜெபிப்பார்கள். பிறகு காணிக்கைப் பைக்குள் கையை விட்டு ஆளுக்கோர் அட்டை எடுக்க வேண்டும். அதில் ஒரு வசனம் இருக்கும். அதுதான் அந்தப் பிள்ளையின் இனிமேல் வாழ்க்கைக்குக் கர்த்தர் கொடுக்கிற வார்த்தை. சாகிற வரைக்கும் அந்த அட்டையைப் பைபிளுக்குள் வைத்திருப்பவர்கள் உண்டு.

“எப்பவும் அச்சடிச்ச அட்டைதான் வாங்குவோம். இந்த வருஷம் மாசிலாமணி தாத்தா கையால எழுதட்டும்” என்றார் ஐயர். “பைபிள்ல நீதிமொழிகள்ல பாருங்க. வாழப் போற பிள்ளைகளுக்கு எது வேணுமோ நீங்களே எடுத்து எழுதுங்க. நிறையவே எழுதுங்க, கடைசியா வாரவனுக்கும் பையில நாலஞ்சு கெடக்கணும்.”

டீச்சர் வெள்ளை அட்டை வெட்டித் தந்தார்கள். பழைய பிஸ்கட் டப்பாவில் போட்டு வீட்டுக்குக் கொண்டுவந்தேன்.

மே 9, சனி

முதலில் எழுதினது, கர்த்தருக்குப் பயப்படுகிறதுதான் ஞானத்தின் ஆரம்பம் என்கிற வசனம். எனக்கு அது சரியாக விளங்கவில்லை. பயம் எப்படி ஞானம் ஆகும்? பயந்தவனுக்குப் புத்தி வேலை செய்யாது. ஆனால் எழுத்து எல்லாம் எளிது. எழுதிவிட்டேன். சோம்பேறி எறும்பைப் போய்ப் பார்க்க வேண்டும் என்பதையும் எழுதினேன். நல்ல பெயர் நிறைய ஐசுவரியத்தைவிட மேல் என்பதை எழுதும்போது ‘ஐ’ பெரிதாகப் போய் மற்ற எழுத்துக்கு இடம் இல்லாமல் போயிற்று.

மத்தியானம் ஒரு வசனம் கண்ணில் பட்டது. தன் கூட்டை விட்டு அலைகிற குருவி எப்படியோ, தன் இடத்தை விட்டு அலைகிற மனுஷனும் அப்படித்தானாம். மூன்று தடவை கூட்டிப் படித்தேன். பைபிளில் இப்படியும் இருக்கிறது. இத்தனை வருஷம் கோயிலுக்குப் போகிறேன், ஒருவரும் எனக்கு இதை வாசித்துக் காட்டவில்லை.

குருவி எழுதினேன். நன்றாக வந்தது.

மே 12, செவ்வாய்

குருவி மறுபடியும் எழுதினேன். கை படிய வேண்டும் அல்லவா. இந்த வசனத்தில்தான் என் கை நன்றாகப் படிகிறது. ‘கு’ வளைவு கொக்கி போல அழகாக விழுகிறது.

எழுதினதைக் குப்பையில் போட முடியாது. வசனம் எழுதின காகிதத்தைக் கீழே போடக் கூடாது, கால் படக் கூடாது, அடுப்பில் வைக்கக் கூடாது. என் அம்மா காலத்திலேயே அப்படித்தான். எல்லாம் டப்பாவுக்குள் போகிறது.

எப்சிபா பெட்டி வாங்கிவந்திருக்கிறாள். சக்கரம் வைத்தது. வீட்டுக்குள்ளேயே உருட்டிப் பார்க்கிறாள். அந்தச் சத்தம் எனக்குப் பிடிக்கவில்லை.

மே 16, சனி

அட்டைகளைப் பையில் போட்டு, கோயில் வேலைகளைப் பார்க்கிற கோயில்பிள்ளையிடம் கொடுத்துவிட்டேன். நன்றாக வந்தது, பழகினது, எல்லாவற்றையும்தான். வேறு எங்கே போடுவது?

மே 17, ஞாயிறு

ஒன்பது பிள்ளைகள் பீடத்துக்கு முன்னால் நின்றார்கள். பையன்கள் புதுச்சட்டை, பெண்கள் புடவை. எப்சிபா நீலப் புடவை. அட்டையை எடுத்து மைக்கில் வாசிக்க வேண்டும். என் எழுத்தை மைக்கில் வாசிக்கப்போகிறார்கள்! எனக்குக் கழுத்தெல்லாம் வேர்த்தது.

முதல் பெண்ணுக்கு நல்ல பெயர் வசனம். அடுத்த பையனுக்கு எறும்பு. அவன் பத்து மணிக்கு எழுந்திருக்கிறவன் என்று ஊருக்கே தெரியும். அவன் அப்பா பின்னாலிருந்து, “ஆமென்!” என்று கத்தினார். கோயிலே சிரித்தது.

மூன்றாவது, அற்புதத்தின் மகன் யாபேஸ். கப்பல் வேலைக்குப் போகவிருக்கிறவன். அவன் குருவி எடுத்தான். வாசித்தபிறகு அம்மாவைத் திரும்பிப் பார்த்தான். அடுத்து ஓசூருக்கு வேலைக்குப் போகவிருக்கிற பெண். அவளும் குருவி. சிலர் சிரித்தார்கள். ஐயரும் லேசாகச் சிரித்தார்.

பிறகு எப்சிபா. கையை உள்ளே விட்டுக் கொஞ்ச நேரம் துழாவினாள். எடுத்தாள். பார்த்தாள். அதுவும் குருவி.

அவள் வாசித்தபோது ஒருவரும் சிரிக்கவில்லை. கடைசிக்கு முந்தின பையனும் அதையே எடுத்தபோது மின்விசிறிச் சத்தம் மட்டும்தான் கேட்டது. எனக்குப் பின்னால் ஒரு கிழவி “கர்த்தர் பேசுதாரு, கர்த்தர் பேசுதாரு” என்று முணுமுணுத்தாள். எனக்கு மயிர்க்கால் எல்லாம் நின்றது.

ஆராதனை முடிந்ததும் பையில் மிச்சம் கிடந்த அட்டைகளை நானே அள்ளி வந்துவிட்டேன்.

மே 18, திங்கள்

எப்சிபா பெட்டியைப் பரண்மேல் ஏற்றிவிட்டாள். “கர்த்தர் வேண்டாம்னு சொல்லுதாரோ தாத்தா?” என்று கேட்டாள். “சொன்னா கேக்கணும்ட்டி” என்றேன். அவள் கண் வீங்கியிருந்தது.

சாளை மீன் வாங்கிக் குழம்பு வைத்தேன். நன்றாக இருந்தது. நான் மட்டும் சாப்பிட்டேன்.

மே 19, செவ்வாய்

காலையில் ஐயரின் ஸ்கூட்டர் வாசலில் நின்றது. அவர் நேராக வந்து அலமாரிக்குக் கீழே இருக்கிற நாற்காலியில் உட்கார்ந்தார். அவர் தலைக்கு மேலே தட்டில் இரண்டு டப்பா. ஒன்றில் பிஸ்கட். ஒன்றில் அட்டைகள்.

“தாத்தா, ரெண்டு நாளா எனக்கு மனசு சரியில்ல. ஒண்ணு கேக்கணும். அந்தக் குருவி வசனத்த எத்தன அட்டையில எழுதுனீங்க?”

“எல்லா வசனத்தையும் நாலு நாலா எழுதினேன் ஐயா.”

எங்கிருந்து வந்தது அந்த வார்த்தை என்று எனக்கே தெரியவில்லை.

“எல்லாத்தையும் நாலு நாலா?”

“ஆமா ஐயா.”

அவர் முகம் மாறிவிட்டது. “அப்ப அவ்வளவு அட்டைக்குள்ளேருந்து நாலு குருவியும் வெளிய வந்துருக்கு. ஒண்ணுகூட உள்ள தங்கல. இது மனுஷன் காரியம் இல்ல தாத்தா.” ஐயர் பயந்து நான் பார்த்ததில்லை. “வார ஞாயிறு இதப் பத்தித்தான் பேசணும். நம்ம பிள்ளைகள நாம எங்க அனுப்பிக்கிட்டு இருக்கோம்னு கர்த்தர் கேக்காரு.”

அந்த நேரத்தில் எப்சிபா காப்பியோடு வந்தாள். “பிஸ்கட் எடுக்கேன் ஐயா” என்று தட்டில் கையை வைத்தாள். தப்பான டப்பாவில்.

“அது இல்லட்டி!” என்று கத்திவிட்டேன். ஐயர் கையிலிருந்த காப்பி தளும்பியது.

“அதுல எறும்பு கெடக்கு” என்றேன்.

எப்சிபா என்னைப் பார்த்தாள். பிறகு மற்ற டப்பாவை எடுத்தாள்.

ஐயர் ஜெபம் பண்ணினார். நான் கண்ணை மூடவில்லை. மூடினால் என்ன தெரியுமோ என்று பயம்.

மே 20, புதன்

யாபேஸ் கப்பல் கம்பெனிக்குப் போன் போட்டு வரவில்லை என்று சொல்லிவிட்டான். அற்புதம் பக்கத்தில் நின்று சொல்ல வைத்தாள். சுவர் வழியாக எல்லாம் கேட்டது. “கர்த்தர மீறிப் போயி கடல்ல சாகப்போறியால?” என்று அவள் கேட்டாள். அவன் எதையோ சுவரில் எறிந்தான்.

அவள் கர்த்தர் என்று சொல்கிறது நீ எழுதினதைத்தானே என்று என் மனசு கேட்கிறது. கேட்டுக்கொண்டே இருக்கிறது.

டப்பாவைத் திறந்து பார்த்தேன். நான் மூடியை எப்போதும் லேசாகத்தான் வைப்பேன். இன்று இறுக்கமாக இருந்தது. மழைக்காற்றுக்கு இறுகியிருக்கும்.

மே 21, வியாழன்

பைபிள் தானாக எசேக்கியேல் புத்தகத்தில் திறந்தது. கர்த்தர் சொல்லாததைக் கர்த்தர் சொன்னார் என்று சொல்கிறவர்களுக்கு என்ன வரும் என்று போட்டிருக்கிறது. கூட்டிக் கூட்டிப் படித்தேன். நடுவில் நிறுத்தினால் நல்லது என்று தோன்றியது. நிறுத்தவும் பயமாக இருந்தது.

படிக்கத் தெரியாத காலத்தில் ஐயர் வாசிக்கிற வசனத்துக்கு மட்டும் பயந்தால் போதும். இப்போது புத்தகம் முழுக்கத் திறந்து கிடக்கிறது.

மத்தியானம் இடி. மழை இல்லாத இடி. தலையில் துண்டைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். எப்சிபா பரணிலிருந்து பெட்டியை இறக்கினாள். “தூசி தட்டத்தான்” என்றாள். தட்டினபிறகு மேலே ஏற்றவில்லை.

மே 22, வெள்ளி

எப்சிபா இன்று, “தாத்தா, எங்கிட்ட ஏதாச்சும் சொல்லணுமா?” என்று கேட்டாள். ஒன்றும் இல்லை என்றேன். ரேஷன் கடைக்குப் போய்விட்டு வந்தேன். அரிசி கழுவும்போது மறுபடியும் கேட்டாள். “ஒண்ணும் இல்லட்டி, வயித்து வலி” என்றேன். “சரி” என்றாள்.

பல்லி சொன்னால்கூடத் தூக்கிவாரிப்போடுகிறது.

மே 23, சனி

நாளைக்கு ஐயர் பிரசங்கம். நாலு வீட்டுப் பிள்ளைகளோடு முடியாது. இனி வருஷா வருஷம் சொல்வார்கள். எங்கள் கோயிலில் குருவி வந்த வருஷம் என்று. பிள்ளைகள் ஊரைத் தாண்டப் பயப்படும். நான் செத்த பிறகும் பயப்படும்.

அட்டை ஒன்று மிச்சம் இருந்தது. எழுதாதது. அதில் எழுதினேன். பிரசங்கத்துக்கு முன்னால், சபையார் எழுந்து பேசுகிற சாட்சி நேரம் உண்டு. எழுந்திருக்கக் கால் வருமா என்று தெரியவில்லை.

மே 24, ஞாயிறு

எழுந்திருந்தேன்.

யார் எழுந்தாலும் முதலில் “அல்லேலூயா” சொல்வார்கள். எனக்கு அது வரவில்லை. மைக்கை ஒரு கையில் பிடித்தேன், அட்டையை ஒரு கையில் பிடித்தேன். ஓர் எழுத்து, அடுத்த எழுத்து என்று வாசித்தேன். சபையில் நான் வாசித்த முதல் வாசிப்பு இது. அட்டையில் இருந்ததை அப்படியே இங்கே எழுதுகிறேன்.

“சபையாருக்கு. நாலு நாலு எழுதவில்லை. குருவியைத்தான் நிறைய எழுதினேன். என் பேத்தி ஊரை விட்டுப் போகக் கூடாது என்று எழுதினேன். ஐயரிடம் பொய் சொன்னேன். கர்த்தர் சொல்லவில்லை. நான் சொன்னேன். மாசிலாமணி.”

யாரோ பின்வரிசையில் “அடப்பாவி மனுஷா” என்றார். ஒரு சிரிப்பு வந்தது, உடனே அடங்கியது. அற்புதம் முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டாள். யாபேஸ் எழுந்து வெளியே போனான். செருப்பு போடுகிற சத்தம்கூடக் கேட்டது.

ஐயர் பிரசங்கத் தாள்களோடு வந்து நின்றார். பார்த்தார். மடித்தார். மறுபடியும் மடித்தார்.

“மூணு நாளா உக்காந்து எழுதுனது” என்றார். “நான் தப்பாப் பேசிருப்பேன். அதுக்கு முன்னால ஒருத்தர் எந்திரிச்சுட்டாரு. இன்னைக்குப் பிரசங்கம் முடிஞ்சுது. போக வேண்டிய பிள்ளைக போங்க.” பிறகு மெதுவாக, “தாத்தா, உக்காருங்க. விழுந்துராதீங்க” என்றார்.

வீட்டுக்கு வரும் வழியில் எப்சிபா எனக்கு முன்னால் நடந்தாள். கிணற்றுத் தெரு திரும்பினதும், “செவ்வாய்க்கிழமையே தெரியும்” என்றாள்.

“டப்பாவத் திறந்தியா?”

“எறும்பப் பாக்கணும்னு தோணுச்சு.”

“ஏன்ட்டி கேக்கல?”

“ரெண்டு தடவ கேட்டேன் தாத்தா. இன்னைக்கு நீங்க எந்திரிக்கலன்னா நான் எந்திரிச்சிருப்பேன்.” கொஞ்ச தூரம் போய், “முதல் ரெண்டு நாளு நான் எவ்வளவு அழுதேன் தெரியுமா? கர்த்தருக்கே என்னப் புடிக்கலன்னு நெனச்சேன்” என்றாள். அவள் கையைப் பிடிக்கப் போனேன். எடுத்துக்கொண்டாள். வாசல் வந்தபிறகுதான் கொடுத்தாள்.

மே 26, செவ்வாய்

யாபேஸின் இடத்தில் கம்பெனி வேறு ஆளைப் போட்டுவிட்டதாம். அடுத்த கப்பல் எப்போது என்று சொல்லவில்லையாம். நான் வேலிப் பக்கம் நின்று, “யாபேசு” என்று கூப்பிட்டேன். சைக்கிள் ஸ்டாண்டை ஓர் உதை விட்டுப் போய்விட்டான். அது எனக்கு வர வேண்டியதுதான்.

அற்புதம் சண்டைக்கு வருவாள் என்று பயந்துகொண்டே இருந்தேன். சாயங்காலம் வந்தாள். வாசலில் நின்றாள். உள்ளே வரவில்லை.

“மாமா, அவன் கப்பல் கெடைக்கிறவரைக்கும் உங்க வீட்டுப் பக்கம் வர மாட்டான். நானும் அவன்கிட்ட உங்களுக்காகப் பேச மாட்டேன்.”

“சரிம்மா.”

போகத் திரும்பினவள் நின்றாள். குரலைத் தாழ்த்திச் சொன்னாள்: “எனக்கு எழுதத் தெரிஞ்சிருந்தா, நானே எழுதிப் போட்டுருப்பேன்.”

மே 29, வெள்ளி

ஸ்டேஷனுக்குப் போனோம். இங்கே ஏறிச் சென்னையில் மாற வேண்டும். வண்டி புறப்பட நேரம் இருந்தது. “எஞ்சினப் பாப்போம் வாங்க” என்று இழுத்துக்கொண்டு போனாள். கிட்டப் போகப் போக அந்தச் சூடும் சத்தமும் நெஞ்சுக்குள் ஏறியது. நான் தூணைப் பிடித்துக்கொண்டேன். அவள் போய் அதன் பக்கவாட்டில் கையை வைத்தாள். பால் மாட்டைத் தட்டிக்கொடுக்கிற மாதிரி. உள்ளே இருந்த ஓட்டுநர் எட்டிப் பார்த்து, “தள்ளி நில்லும்மா” என்றார். “நானும் இதுக்குத்தான் சார் போறேன்” என்றாள். அவர் சாப்பாட்டு டப்பாவைக் கழுவின தண்ணீரைக் கீழே ஊற்றிவிட்டு, “அப்பன்னா நல்லாத் தூங்கிட்டுப் போ. இனிமே தூக்கம் கெடையாது” என்றார். அவள் சிரித்தாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

பெட்டியைத் திறந்து ஏதோ சரிபார்த்தபோது உள்ளே என் பிஸ்கட் டப்பா தெரிந்தது.

“அது எதுக்குட்டி?”

“வசனத்தக் குப்பையில போடக் கூடாதுல்லா? உங்க குருவி எல்லாம் எங்கூட வரட்டும்.”

வண்டி நகர்ந்தது. கொஞ்ச தூரம் கூடவே நடந்தேன். பிறகு கூட்டத்தில் முடியவில்லை.

மே 31, ஞாயிறு

வீடு சத்தமே இல்லை. தண்ணீர் வந்தது. ஒரு குடம் போதும் என்று தோன்றியது, ஆனாலும் மூன்று பிடித்தேன். அலமாரித் தட்டில் ஒரே டப்பா. கோயிலில் எல்லாரும் என்னைப் பார்த்தார்கள், சிலர் பேசினார்கள். ஐயர் கை கொடுத்தார். யாபேஸ் வரவில்லை.

எப்சிபா போன் பண்ணினாள். பிலாஸ்பூர் வந்துவிட்டதாம். சூடு நம் ஊரைவிட அதிகமாம். நாளை வேலையில் சேர வேண்டும்.

அவள் ஒரு கட்டுத் தபால் கார்டு வாங்கி, எல்லாவற்றிலும் விலாசம் எழுதி வைத்துவிட்டுப் போயிருக்கிறாள். வாரம் ஒன்று போட வேண்டும் என்று கட்டளை. என்ன எழுதுவது என்று சாயங்காலம் வரைக்கும் உட்கார்ந்திருந்தேன். நீதிமொழிகளைத் திறந்தேன், மூடினேன். வசனம் எழுதக் கை பயப்பட்டது. என் வார்த்தையை எழுதவும் பயப்பட்டது. என் பெயரில் எழுதினால் அது நான் சொன்னது ஆகிவிடுமே.

கடைசியில் எழுதினேன். எழுத்து கோட்டில் நிற்கவில்லை, விலாசத்தின் மேலேயே ஏறிவிட்டது. தபால்காரர் மன்னிக்க வேண்டும்.

“எப்சிபா, எனக்குப் பயமாக இருக்கிறது. உனக்காக இல்லை, எனக்காக. தனியாக இருக்கப் பயம். நீ வண்டியை ஓட்டு. தாத்தா.”

அட்டையில் இதை எழுதியிருந்தால் போதும். ஒரே ஓர் அட்டை.

காலையில் தபால் பெட்டியில் போட வேண்டும். அடுத்த வாரம் ஞாயிறு கோயில் முடிந்து வந்ததும் மறுபடியும் எழுதுவேன். பயம் இருந்தாலும் எழுதுவேன். அதற்குள் ‘ழ’ கொஞ்சம் படிந்துவிடும்.